தீவனத்துல புரதம் வேணும்னா வேரைத் தோண்டிப் பாருங்க: புதுசா பயறுவகைத் தீவனம் போடுறவங்களுக்கு

புதுசா ரெண்டு கறவை மாடு வாங்கி, அரை ஏக்கர்ல வேலிமசாலோ குதிரைமசாலோ போட்டு, நாலு மாசம் கழிச்சு "பயறுவகைத் தீவனம் போட்டா புண்ணாக்குச் செலவு குறையும்னாங்களே, எனக்கு ஒண்ணும் குறையலீங்களே"ன்னு கேக்குறவங்க எங்க காங்கேயம், தாராபுரம் பக்கம் நிறையப் பேரு இருக்காங்க. விதை நல்ல விதையாத்தான் இருக்கும், தண்ணியும் விட்டிருப்பாங்க, காடும் பாக்கப் பச்சையா நிக்கும். ஆனா மம்முட்டி எடுத்து ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாத்தீங்களான்னு கேட்டா, இல்லீங்கம்பாங்க. பயறுவகைத் தீவனத்தோட புரதம் இலையில இருந்தாலும் அது எவ்வளவு வரும்ங்கிறத வேர்ல இருக்குற முடிச்சுதான் தீர்மானிக்குது, அதுக்குள்ள இருக்குற ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்யலைன்னா நீங்க போட்டது பேருக்குத்தான் மசால். விதைக்கிறதுல இருந்து அறுத்துப் போடுற வரைக்கும் அந்த முடிச்சை மனசுல வச்சு என்னென்ன செய்யோணும்னு வரிசையாச் சொல்றேனுங்க.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு

காத்துல 78 சதம் நைட்ரஜன்தான், ஆனா எந்தச் செடியும் அதை நேரா எடுத்துக்க முடியாது. ரைசோபியம் வேர்முடி வழியா உள்ள பூந்து முடிச்சு கட்டிக்கிட்டு, நைட்ரோஜினேஸ்ங்கிற நொதியை வச்சு காத்து நைட்ரஜனை அம்மோனியாவா மாத்திக் குடுக்குது. செடி அதுல அமினோ அமிலம் பண்ணி, அதுல புரதம் பண்ணி இலைக்கு அனுப்புது. பதிலுக்குச் செடி தன்னோட இலையில தயாரிச்ச சர்க்கரையை முடிச்சுக்கு இறக்கி விடுது. நம்ம கட்டுத்தரை மாட்டுக்கணக்குதான் இது, தீனி போட்டாத்தான் பால், தீனி நின்னா அன்னைக்கே கறவை இறங்கிரும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, அறுப்பு பத்திப் பேசும்போது திரும்ப வரும். முடிச்சுல இருந்து இந்த பாக்டீரியாவை முதமுதல்ல தனியாப் பிரிச்சது பைஜரிங்க்ங்கிற டச்சு விஞ்ஞானி, 1888-ல.

இப்ப தீவனத் தரத்துக்கு வருவோம். புரதத்துல ஏறக்குறைய 16 சதம் நைட்ரஜன் இருக்கும். அதனாலதான் லேப்ல தீவனத்தோட நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்கி 'கச்சாப் புரதம்'னு ரிப்போர்ட் குடுக்குறாங்க. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. காய்ஞ்ச எடையில ஒரு டன் குதிரைமசால், 18 சதம் புரதம்னா 180 கிலோ புரதம், அதுல 28.8 கிலோ நைட்ரஜன். யூரியாவுல 46 சதம்தான் நைட்ரஜன்ங்கிறதால இது 62, 63 கிலோ யூரியாவுக்குச் சமம், அதாவது ஒரு மூட்டைக்கும் மேல. கொஞ்சம் மண்ணுல இருந்து வரும்தான், ஆனா பெரும்பங்கை முடிச்சு குடுத்தாகோணும். குடுக்கலைன்னா என்ன ஆகும்? செடி அடி இலையில இருக்குற நைட்ரஜனைப் பிடுங்கி நுனிக்கு அனுப்பும், அடி இலை மஞ்சளாகி உதிரும், மிஞ்சுறது தண்டு. குதிரைமசால்ல தண்டை விட இலையில ரெண்டு மடங்குக்கு மேல புரதம் இருக்கு, நார் ரொம்பக் கம்மி. அப்ப இலை உதிர்ந்தாப் புரதமும் போச்சு, செரிமானமும் போச்சு, மாடு தண்டைக் காடியிலயே கழிச்சுப் போட்டுரும்.

இன்னொண்ணையும் தெளிவாப் புரிஞ்சுக்கோணும். முடிச்சு இல்லாத செடி புரதம் மட்டும் குறைஞ்சு நல்லா வளந்து நிக்காது, வளர்ச்சியே சுருங்கிப் போகும். அதனால சில சமயம் லேப் ரிப்போர்ட்ல சதவீதம் ரொம்பக் குறைஞ்ச மாதிரித் தெரியாது, ஆனா ஏக்கருக்குக் கிடைக்கிற மொத்தப் புரதம் பாதிகூட இருக்காது. சதவீதத்தையும் எடையையும் சேத்துத்தான் பாக்கோணும்.

எந்தத் தீவனம், எந்த மண்ணு

கொங்குல மண்ணு ஒரே மாதிரி கிடையாது. காங்கேயம், மூலனூர், வெள்ளகோயில் பக்கம் செம்மண் சரளை, பல இடத்துல அடியில சுக்கான்ங்கிற சுண்ணாம்புக்கல்லு. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் வாய்க்கால் பாசனம், கரிசலும் உண்டு. கோபி, பவானி கீழ்பவானி வாய்க்கால். தண்ணியும் அப்படித்தான், வாய்க்கால் தண்ணி ஒரு மாதிரி, ஆழ்துளைக் கிணத்து உப்புத்தண்ணி வேற மாதிரி. இதைப் பாத்துத்தான் பயிரை எடுக்கோணும்.

மானாவாரிக் காடுன்னா தட்டைப்பயறு, கொள்ளு, முயல்மசால். தட்டைப்பயறு பெரும்பாலும் எந்த மண்ணுல போட்டாலும் முடிச்சுக் கட்டிரும், ஏன்னா அதுக்கு ஒத்துவர்ற பாக்டீரியா நம்ம மண்ணுல ஏற்கனவே இருக்கு. நம்ம கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காட்டுல, கொழுக்கட்டைப்புல்லு நடுவால தானா முளைக்கிற நரிப்பயறு, கொழுஞ்சி எல்லாம் பயறுக் குடும்பம்தான், யாரும் விதைக்கவும் இல்லை, உரம் போடவும் இல்லை, மழை பேஞ்சா முளைக்குது, வேரைப் பாத்தா முடிச்சு இருக்கு. நம்ம காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அந்தப் புல்லுக்கு ஊடால இதையும் சேத்துத்தான் மேயுது. கொறங்காட்டை உழுது போட்டு வேற எதையாச்சும் வைக்கிறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுங்க, அவ்வளவு காலமா உருவான மேய்ச்சலை டிராக்டர் ஒரு நாள்ல முடிச்சுருது.

தண்ணி வசதி இருந்தா வேலிமசால், குதிரைமசால். இந்த ரெண்டும் ஆளு பாத்துச் சேர்ற பயிர். குதிரைமசாலுக்கு அதுக்குன்னே தனி ரைசோபியம் இருக்கு, தட்டைப்பயறுக்குள்ள போற பாக்டீரியா இதுக்குள்ள போகாது, போனாலும் வேலை செய்யாது. வேலிமசாலும் அப்படித்தான், கண்டதையும் ஏத்துக்காது. முன்ன எப்பவுமே மசால் போடாத காட்டுல முதமுதல்ல போடுறீங்கன்னா பாக்டீரியாவை நீங்கதான் கொண்டுபோய்ச் சேக்கோணும். பெரும்பாலான புது ஆளுங்க விழுற இடம் இதுதான், விதைக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, அதுல ஒரு துளி செலவாகுற ரைசோபியம் பாக்கெட்டை விட்டுர்றாங்க.

கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல தீவனப்பயிருக்குன்னே தனித் துறை இருக்கு, தட்டைப்பயறுல கோ 5, குதிரைமசால்ல கோ 1, கம்பு நேப்பியர்ங்கிற தீவனப்புல்லுல கோ 4, கோ 5 எல்லாம் அங்க வந்ததுதான். விதை முடிஞ்ச வரைக்கும் அங்க இருந்தோ வேளாண் அறிவியல் நிலையத்துல இருந்தோ வாங்குங்க. குதிரைமசால் விதையைத் தெரியாத ஆள்கிட்ட வாங்கினா அம்மையார் கூந்தல் விதையும் கூட வந்துரும், மஞ்சக் கொடியா மசால் மேல படர்ந்து உறிஞ்சும், அது வந்துட்டா அந்தப் பாத்தியையே அழிக்க வேண்டி வரும்.

பாக்கெட் வாங்கும்போது

கடையில போய் "ரைசோபியம் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. "அண்ணா, இது குதிரைமசாலுக்கு உள்ளதுங்களா, பயறுக்கு உள்ளதுங்களா?"ன்னு கேளுங்க. வேளாண் விரிவாக்க மையத்துல சாதாரணமாக் கிடைக்கிறது உளுந்து, தட்டைப்பயறு மாதிரிப் பயறுக்கு உள்ளது, இல்லைன்னா நிலக்கடலைக்கு உள்ளது. தட்டைப்பயறு, கொள்ளு, முயல்மசாலுக்குப் பயறு பாக்கெட் போதும். மசாலுக்கு வேணும்னா பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையில முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கிறது நல்லது.

அப்புறம் தேதி. பவுடர் பாக்கெட்டுக்குப் பொதுவா ஆறு மாசம்தான் ஆயுசு, திரவம் ஒரு வருசம் தாங்கும். உரக் கட்டுப்பாட்டு விதிப்படி பவுடர்ல கிராமுக்குக் குறைஞ்சது 5 கோடி, திரவத்துல மில்லிக்கு 10 கோடி உயிரோட இருக்கோணும். ஆனா பாக்கெட்டை யூரியா மூட்டை மேல போட்டு, தகரக்கூரைக்கடியில வெயில்ல வேக வச்சிருந்தா தேதி பாக்கி இருந்தும் உள்ள எல்லாம் செத்திருக்கும். நீங்களும் வாங்கிட்டு வண்டி டிக்கியில வச்சு ஊரெல்லாம் சுத்தாதீங்க, நேரா வீட்டுக்குப் போய் நிழல்ல, குளுமையா வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம்.

மசாலுக்குப் பாக்கெட்டே கிடைக்கலைன்னா ஒரு வழி இருக்கு. பக்கத்துல யாராச்சும் ரெண்டு மூணு வருசமா நல்லா மசால் எடுத்துக்கிட்டு இருந்தா, அவங்க செடி ஒண்ணைத் தோண்டி முடிச்சு உள்ள சிவப்பா இருக்கான்னு பாத்துட்டு, அந்த வேரைச் சுத்தி இருக்குற மேல்மண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து வெயில் படாம வச்சு, அன்னைக்குப் பொழுதோட விதைச்சாலில் தூவி மண்ணை மூடிருங்க. பாக்கெட்டு வர்றதுக்கு முன்ன உலகம் பூரா இப்படித்தான் பண்ணிட்டு இருந்தாங்க. அந்தக் காட்டுல வேரைத் தாக்குற நூற்புழுவோ அம்மையார் கூந்தலோ இருந்தா அதுவும் கூடவே வந்துரும்ங்கிறதால ஆராயாம எடுக்காதீங்க.

விதை நேர்த்தி

வேலிமசால் விதை தோல் கெட்டி, அப்படியே போட்டா முளைப்பு ரொம்பக் கம்மி. தண்ணியக் கொதிக்க வச்சு அடுப்புல இருந்து இறக்கி, நாலஞ்சு நிமிசம் ஆறவிட்டா 80 டிகிரிக்கு வரும், அதுல விதையைப் போட்டு நாலஞ்சு நிமிசம் வச்சிருந்து, சுடுதண்ணிய வடிச்சுட்டுப் பச்சத்தண்ணியில ராத்திரி பூரா ஊறவிட்டு, காலையில நிழல்ல உலத்துங்க. சவுண்டலுக்கும் (சூபாபுல் மரம்) சுடுதண்ணி நேர்த்தி உண்டு. குதிரைமசாலுக்கும் தட்டைப்பயறுக்கும் இது தேவையில்லை, தட்டைப்பயறைச் சுடுதண்ணியில போட்டா வெந்து போயிரும்.

விதை ஆறி உலந்ததுக்கு அப்புறம்தான் ரைசோபியம். ஒரு ஹெக்டேருக்கு 200 கிராம் பாக்கெட் மூணு, 600 கிராம்னு பல்கலைக்கழகம் சொல்லுது, ஏக்கருக்குப் பாத்தா ஒரு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேல வரும், ரெண்டாவே வாங்கிக்கங்க, கூடப் போனா கெடுதல் ஒண்ணும் இல்லை. சோறு வடிச்ச கஞ்சியை நல்லா ஆற வச்சு, அதுல பாக்கெட்டைக் கொட்டிக் கரைச்சு, சாக்கு மேல பரப்பின விதையில தெளிச்சு, கையால பூ மாதிரிப் பிசறி, ஒவ்வொரு விதையிலயும் கருப்பா ஒட்டியிருக்கான்னு பாத்து, நிழல்ல அரைமணி நேரம் உலத்தி, உடனே விதைச்சுருங்க. காலையில பிசறி வச்சுட்டு மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து விதைக்கிறதெல்லாம் வேண்டாம். மண்ணுல இறுகின மணிச்சத்தைக் கரைச்சுக் குடுக்குற பாஸ்போபாக்டீரியாவும் கூடச் சேத்துக்கலாம், சண்டை இல்லை.

விதைக்குப் பூஞ்சாண மருந்து போடுறதா இருந்தா அதை ஒரு நாள் முன்னயே போட்டுருங்க, ரைசோபியம் கடைசியா. கம்பெனி விதையே சிவப்பா, நீலமா மருந்து பூசி வந்திருந்தா விதையில பிசறுறதை விட மண்ணுல போடுறது மேல்: ஏக்கருக்கு நாலு பாக்கெட்டை 10 கிலோ மக்கின தொழுவுரம், 10 கிலோ மண்ணோட கலந்து விதைக்கிற சால்லயே தூவுங்க.

விதைப்பும் உரமும்

சித்திரை, வைகாசி வெயில்ல நம்ம செம்மண்ணு மேல வெறுங்கால் வைக்க முடியாது, அந்தச் சூட்டுல விதை மேல ஒட்டியிருக்குற பாக்டீரியா எப்படித் தாங்கும்? ஆடிக்கு மேல மண்ணு குளுந்தப்புறம் விதைங்க, அதுவும் பொழுது சாயுறப்ப. மானாவாரின்னா புரட்டாசி, ஐப்பசி மழை ஈரத்துல. வேலிமசால் ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசைக்கு வரிசை அரை மீட்டர். குதிரைமசாலும் ஏக்கருக்கு 8 கிலோதான்.

உரத்துல ரெண்டே ரெண்டு விசயம் முடிச்சைத் தூக்கும், ஒண்ணு அமுக்கும். தூக்குறது மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கந்தகமும். முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து நிறைய வேணும், நம்ம சுண்ணாம்புப் பூமியில அது மண்ணோட இறுகிக் கிடக்கும். அதனால டி.ஏ.பி-யை விட்டுட்டு சூப்பர் பாஸ்பேட் போடுங்க. டி.ஏ.பி-யில 18 சதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கு, இங்க அது கொஞ்சம் போதும். சூப்பர்ல 16 சதம் மணிச்சத்தோட 11 சதம் கந்தகம் இருக்கு, கந்தகம் இல்லாம மெத்தியோனின் மாதிரி அமினோ அமிலம் உருவாகாது, மாட்டு வயித்துல இருக்குற நுண்ணுயிருக்கும் அதே கந்தகம்தான் வேணும். தட்டைப்பயறுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து கிலோவுல 25:40:20 கணக்கு, ஏக்கருக்கு சூப்பர் ரெண்டு மூட்டை, யூரியா இருபது கிலோ சொச்சம், அதுவும் அடியுரமா ஒருக்கா மட்டும். குதிரைமசாலுக்கு மணிச்சத்து மூணு மடங்கு, ஹெக்டேருக்கு 120 கிலோ, ஏக்கருக்கு சூப்பர் ஆறு மூட்டை வரும். செலவுதான், ஆனா மூணு வருசம் நிக்கிற பயிருக்கு இது ஒருதரம் போடுறது.

அமுக்குறது தழைச்சத்து. மண்ணுல நைட்ரேட் நிறைய இருந்தா செடி சர்க்கரை குடுத்து பாக்டீரியாவை வளக்காது, புது முடிச்சும் கட்டாது, இருக்குற முடிச்சும் வேலையை நிறுத்திரும். யூரியா போட்டவுடனே மசால் கரும்பச்சையாகி நிக்கிறதப் பாத்து சந்தோசப்பட்டா, அடுத்த அறுப்புக்கும் யூரியா போட்டாகோணும், அதுக்கடுத்ததுக்கும் போட்டாகோணும், காத்துல சும்மா கிடைக்கிறத விட்டுட்டுக் கடையில வாங்கிட்டே இருப்பீங்க. யூரியாவை விட நம்ம பக்கம் பெரிய சிக்கல் கட்டுத்தரை கழுவுன தண்ணி. கோமியமும் சாணியும் கலந்த அந்தத் தண்ணியை வாய்க்கால் வெட்டி நேரா மசால் பாத்திக்குத்தான் விடுறாங்க, பக்கத்துல இருக்குதுன்னு. அதுல இருக்குறதும் தழைச்சத்துதானுங்க. அதைக் கம்பு நேப்பியருக்குத் திருப்பி விடுங்க, அதுக்கு அமிர்தம்.

வேலிமசாலை நேப்பியரோட சேத்து மூணு வரிசை நேப்பியர், ஒரு வரிசை வேலிமசால்னு போடச் சொல்வாங்க. நல்ல முறை. புல்லு மண்ணுல இருக்குற நைட்ரேட்டை உறிஞ்சிக்கிறதால மசால் காத்தை நம்பியே ஆகோணும், முடிச்சு நல்லா ஓடும். ஆனா மசால் பக்கத்துல இருக்குறதால நேப்பியருக்கு உடனே உரம் கிடைச்சுரும்னு நினைக்காதீங்க, பழைய வேரும் முடிச்சும் மக்கி மெதுவாத்தான் அது போய்ச் சேரும். நேப்பியருக்கு யூரியா வைக்கும்போது அந்த வரிசையோட தூர்லயே வைங்க, வீசி எறியாதீங்க.

உப்புத்தண்ணி பத்தி ஒண்ணு. செடி தாங்குற உப்பைக்கூட, பாக்டீரியா வேர்முடிக்குள்ள நுழையுற அந்த ஆரம்பக் கட்டம் தாங்காது. அதனால முதல் மூணு வாரம் மட்டுமாச்சும் மழைத்தண்ணியோ வாய்க்கால் தண்ணியோ பாத்து விட முடிஞ்சா விடுங்க, முடிச்சு கட்டினதுக்கு அப்புறம் சமாளிக்கும். தேங்கவும் விடாதீங்க, முடிச்சுக்கு மூச்சு வேணும்.

முப்பதாம் நாள் தோண்டிப் பாக்குறது

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணைத்தான் செய்வேன்னா இதைச் செய்யுங்க. விதைச்சு 25-ல இருந்து 35 நாளுக்குள்ள, தண்ணி விட்ட மறுநாள், காட்டுல நாலஞ்சு இடத்துல செடியைப் பிடுங்காம தோண்டி எடுங்க. பிடுங்கினா முடிச்செல்லாம் மண்ணுலயே அத்துப்போயி நின்னுக்கும், அப்புறம் "முடிச்சே இல்லீங்க"ம்பீங்க. மண்ணுக்கட்டியோட எடுத்து வாளித் தண்ணியில அரைமணி நேரம் ஊறப்போட்டு மெதுவா அலசுங்க.

தட்டைப்பயறுன்னா உருண்டையா, மிளகு மாதிரியும் அதை விடப் பெருசாவும் இருக்கும். குதிரைமசால்ல சின்னதா, நீட்டமா, சில இடத்துல விரல் பிரிஞ்ச மாதிரி இருக்கும். விரல்ல தேச்சா வேரை விட்டுக் கழண்டு வரோணும். கழண்டு வராம வேரே வீங்கி முண்டு முண்டா இருந்தா அது வேர்முடிச்சு நூற்புழு, அது நோய். தக்காளி, மஞ்சள் மாத்தி மாத்தி வச்ச தோட்டத்துல இது அடிக்கடி வரும். ரெண்டையும் குழப்பிட்டு "எனக்கு முடிச்சு பிரமாதமா இருக்கு"ன்னு நினைக்கிறவங்க உண்டு.

இப்ப முடிச்சை நகத்தால ரெண்டாக் கிள்ளிப் பாருங்க. உள்ள ரத்தச் சிவப்பா, ரோஸ் நிறமா இருந்தா வேலை நடக்குது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்குறதுக்குச் சொந்தக்காரன், இரும்பு இருக்குற புரதம். நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் ஆகாதுங்கிறதால ஆக்சிஜனை அளந்து அளந்து உள்ள விடுறது அதோட வேலை. வெள்ளையா இருந்தா இன்னும் ஆரம்பிக்கலை, இல்லைன்னா உள்ள இருக்குறது உதவாத இனம். பச்சையா, பழுப்பா, பிசுபிசுன்னு இருந்தா முடிச்சுக்கு வயசாகிருச்சு. எண்ணிக்கையப் பாத்து ஏமாறாதீங்க: ஆணிவேருக்குக் கிட்ட பத்துப் பெரிய சிவப்பு முடிச்சு இருந்தா அது, பக்கவேர் பூரா தூவிவிட்ட மாதிரி நூறு வெள்ளை முடிச்சு இருக்குறதை விட நல்லது.

முடிச்சு இருக்கு, சிவப்பு சோகையா இருக்கு, இளம் இலை நரம்பு மட்டும் பச்சையா நடுவால மஞ்சளா இருக்குன்னா சுக்காங்கல் பூமியில இரும்புச்சத்து கிடைக்கலைன்னு அர்த்தம். அன்னபேதி (இரும்பு சல்பேட்) 0.5 சதக் கரைசல் இலைவழியா ரெண்டு மூணு தரம் அடிங்க. அடி இலை மொத்தமா மஞ்சளா இருந்து, முடிச்சும் வெள்ளைன்னா நைட்ரஜன் பத்தாக்குறை. இந்த வித்தியாசத்தைப் பாக்காம மஞ்சளா இருக்குதுன்னு யூரியா வீசுறதுதான் நடக்குது.

முடிச்சே இல்லைன்னா என்ன பண்றது? தட்டைப்பயறு ஐம்பது சொச்சம் நாள் பயிர், இந்தத் தடவை கொஞ்சம் யூரியா குடுத்துத் தீவனமா எடுத்துக்கிட்டு அடுத்த போகத்துக்கு ஒழுங்கா விதைநேர்த்தி பண்ணுங்க. மசால் வருசக்கணக்குல நிக்கிறது, விடக்கூடாது. புதுப் பாக்கெட்டை மக்கின எருவோட கலந்து சாயங்காலமா வரிசை ஓரம் லேசாக் கீறிப் போட்டு மூடி, உடனே தண்ணி விடுங்க. விதையில பிசறின அளவுக்குப் பலன் வராது, ஆனா புது வேர் விடும்போது பிடிக்கும். மூணு நாலு வாரம் கழிச்சு மறுபடி தோண்டுங்க.

அறுப்பு

இலையை அறுத்தா முடிச்சுக்குப் போற சர்க்கரை நின்னுருது. குதிரைமசாலை அறுத்த ஒரே நாள்ல நைட்ரஜன் பிடிக்கிற வேலை பெரும்பகுதி படுத்துரும், புதுத்தழை வந்து பழைய நிலைக்கு ஏறி வர ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனாலதான் முதல் அறுப்பு 75, 80 நாள்ல, அப்புறம் 25, 30 நாளுக்கு ஒருக்கான்னு சொல்றாங்க. பதினஞ்சு நாள்ல அறுத்தீங்கன்னா முடிச்சு எழுந்திரிக்கிறதுக்குள்ள திரும்பவும் படுக்க வைக்கிறீங்க. இலை இளசா, புரதம் கூடுதலாத்தான் தெரியும், நாலு அறுப்புக்குள்ள காடு சொட்டை விழுந்துரும். வேலிமசால் முதல் அறுப்பு 90 நாள்ல, தரையில இருந்து அரை மீட்டர் விட்டு, அப்புறம் 40 நாளுக்கு ஒருக்கா. ஒரேயடியாக் காட்டை மொட்டையடிக்காம தினம் தேவைக்குப் பாத்தி பாத்தியா அறுத்துட்டு வந்தா சுத்தி வர்றதுக்குள்ள முதல் பாத்தி தயாராகிரும்.

தட்டைப்பயறு பாதிச் செடி பூத்தவுடனே அறுத்துருங்க. காய் பிடிக்க ஆரம்பிச்சா செடி சர்க்கரையைக் காய்க்கு அனுப்பும், முடிச்சு பச்சையாகிச் சாகும், இலையில இருக்குற நைட்ரஜனும் காய்க்கு ஓடும், தண்டு நாராகும். பயறும் வேணும் தீவனமும் வேணும்னு நினைச்சா ரெண்டும் அரைகுறைதான். அறுத்ததுக்கு அப்புறம் வேரைப் பிடுங்காம உழுது விட்டுருங்க.

மாட்டுக்குப் போடும்போது

சோளத்தட்டும் வைக்கோலும் மட்டும் தின்னா மாட்டு வயித்து நுண்ணுயிருக்கு நைட்ரஜன் பத்தாது. மொத்தத் தீவனத்துல கச்சாப் புரதம் 7 சதத்துக்குக் கீழ போனா அதுங்க பெருகாது, நார் செரிக்காது, மாடு தின்னுறதே குறைஞ்சுரும். வைக்கோல்ல 3, 4 சதம்தான். அங்க மசால் சேத்தா மசாலோட புரதம் மட்டும் கிடைக்கிறதில்லை, அந்த வைக்கோலும் நல்லா செரிக்க ஆரம்பிக்குது. பசுந்தீவனத்துல மூணுல ரெண்டு பங்கு நேப்பியர், சோளம், ஒரு பங்கு பயறுவகைன்னு வச்சுக்கங்க.

காசுக் கணக்கும் பாத்துரலாம். பத்துக் கிலோ பச்சைக் குதிரைமசால்ல காய்ஞ்ச பொருள் ரெண்டு கிலோ, 20 சதம் புரதம்னா 400 கிராம். ஒரு கிலோ கடலைப்புண்ணாக்குல இருக்குறதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவே முடிச்சு வேலை செய்யாம 14 சதத்துக்கு இறங்கிருச்சுன்னு வச்சுக்கங்க, 280 கிராம்தான், பாக்கிக்குப் புண்ணாக்குக் கடைக்குப் போகோணும். புண்ணாக்குச் செலவு குறையலையேன்னு கேக்குறவங்களுக்குப் பதில் இதுலதான் இருக்கு.

ஜாக்கிரதையும் வேணும். இளம் குதிரைமசாலை ஈரத்தோட வெறும் வயித்து மாட்டுக்குப் போட்டா வயிறு உப்பிரும், உயிருக்கே ஆபத்து. முதல்ல சோளத்தட்டைப் போட்டுட்டு, மசாலை ரெண்டு மூணு மணி நேரம் வாட விட்டு, நறுக்கிக் கலந்து போடுங்க. வேலிமசால்ல டேனின் இருக்குறதால உப்புசம் வராது. சவுண்டல்ல மைமோசின்ங்கிற நச்சு இருக்கு, மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போக வேண்டாம், மாடு புதுசுன்னா கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. மழையில்லாம வாடுன இளஞ்சோளத்துல இருக்குற சயனைடு நச்சைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், பயறுவகையில அந்தப் பயம் கம்மி. முடிச்சுல இருந்து வர்ற நைட்ரஜன் நைட்ரேட்டா வராம அமினோ அமிலமாவும் அது சார்ந்த பொருளாவும் ஏறுறதால, யூரியா கொட்டி வளத்த தீவனம் மாதிரி நைட்ரேட் தேங்குறதும் கம்மி.

வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் தீவனத்தை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கு, போன் பண்ணிக் கேட்டுட்டு மாதிரி அனுப்பலாம். ஒரு ஓரத்துல மட்டும் அறுக்காம நாலஞ்சு பாத்தியில இருந்து, மாடு திங்கிற உயரத்துக்கே அறுத்து, இலை உதிராம நிழல்ல காயப்போட்டு, அறுத்த தேதி, எத்தனையாவது அறுப்பு, கடைசியா என்ன உரம் போட்டீங்கங்கிறதை ஒரு சீட்டுல எழுதிக் கூடவே வைங்க. அன்னைக்கே ஒரு செடியைத் தோண்டி முடிச்சு என்ன நிறத்துல இருந்துச்சுன்னு நோட்டுல குறிச்சுக்கங்க. ரிப்போர்ட்ல கச்சாப் புரதம் என்ன வந்திருக்குன்னு பாக்கும்போது பக்கத்துல அந்தக் குறிப்பும் இருந்தா, அடுத்த போகத்துக்கு சூப்பர் போடுறதா, பாக்கெட் போடுறதா, அறுப்பைத் தள்ளிப்போடுறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாமுங்க.